தாங்கிக்குள் கலந்தது

யூன் 14, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. கந்தோருக்கு வேலைக்குப் போகக் காரை எடுத்தால் ஸ்ராட் பிடிக்கவில்லை. பலதரம் திறப்பைத் திருகிய பிறகுதான் உயிர் வந்தது. உடுவில் சந்தியில் ஒரு குலுக்கு. மீற்றர் பலகையில் மஞ்சள் விளக்கு வேறு.

நாளை என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் நாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் புதனும் சனியும் தவறக்கூடாது. எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓட்டோக்காரர் எல்லாரும் பெற்றோல் வரிசையில். இந்தக் கார்தான் கதி.

இவரிடம் சொன்னேன். காங்கேசன்துறைக் கடலில் வள்ளத்து எஞ்சின்களோடு கிடந்த மனிதர். "அது ஒண்டுமில்லையப்பா. ஓட ஓடச் சரிவரும்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

பால்மா முடிந்தது. கடையில் இல்லை.

யூன் 15, புதன்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

மானிப்பாய் தாண்டியதும் கார் விக்கி விக்கி நின்றது. பக்கத்தில் இவர், கால்கள் வீங்கி, மூச்சு வாங்கியபடி. குப்பென்று பெற்றோல் மணம். பொனற்றின் கீழே ஒழுகுகிறது.

"இறங்குங்கோ! கெதியா இறங்குங்கோ!"

"என்னாலை ஏலாது. நீர் முதல் தள்ளிப் போம்."

போகவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்து மதிலோரம் இருத்தினேன். மெலிந்துபோன உடம்பு, ஆனாலும் என்ன பாரம்.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வெங்காயம் ஏற்றிவந்தவர் நிறுத்தினார். "அண்ணையை ஏத்துங்கோ அக்கா, மூட்டையை நான் ஒதுக்கிறன்." மூட்டைகளுக்கு நடுவில், என் மடியில் தலை.

"ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்?" தாதி. மெஷினில் போட்டார்கள்.

யூன் 16, வியாழன்

கராச் மெக்கானிக் யோகன் காரைக் கட்டி இழுத்து வீட்டுக்கே கொண்டுவந்தான். பெற்றோல் தாங்கியிலிருந்து கொஞ்சம் போத்தலில் எடுத்து மணந்து பார்த்தான்.

"அக்கா, உதுக்குள்ளை பெற்றோல் பாதிதான். மிச்சம் ஸ்பிரிட். ஆர் விட்டது?"

கதிரையில் இருந்தபடியே இவர், "நான்தான்."

கூட்டாளி கொண்டுவந்து கொடுத்ததாம். "பிரேசிலிலை உதிலைதானே கார் ஓடுது. சண்டைக் காலத்துப் பெற்றோல் தடை நேரம் நாங்கள் மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடேல்லையே?"

"அந்தக் கார் ரெண்டுக்கும் தோதாச் செய்தது அண்ணை. பைப், பம்ப் எல்லாம் வேறை. ஸ்பிரிட் எவ்வளவு எண்டு அதுவே பாத்துக் கூட்டிக் குறைக்கும். உங்கடையிலை றப்பர் பைப் ஊதி வெடிச்சுப்போச்சு. நெருப்புப் பிடிக்காதது நல்ல காலம்."

யோகன் போனதும் கத்தினேன். அயலட்டைக்கும் கேட்டிருக்கும். "என்னை விதவையாக்கத்தான்..." பாதியில் நிறுத்திவிட்டேன்.

"போன கிழமை வெயிலுக்கை வரிசையிலை நிண்டு மயங்கி விழுந்தனீர். நான் கட்டிலிலை கிடந்து அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். டொக்டர் இவருக்கு அனுமதித்தபடி அரைக் கோப்பை.

யூன் 17, வெள்ளி

புதுப் பைப், புது பில்டர். தாங்கி கழுவி வெறுமை. பெற்றோல் செட்டுக்கு இன்று எண்ணெய்ப் பவுசர் லொறி வருமாம். நாளை சனி. கந்தோரில் லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

இவர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். "தள்ள ஆக்கள் இருக்கினம். நான் ஸ்ரியறிங்கைத்தானே பிடிக்கப்போறன்."

மறிக்க வாய் திறந்தேன். பிறகு பையை எடுத்தேன். தொப்பி, விசுக்கோத்து, மருந்து. யோகன் கட்டி இழுத்துப்போய் வரிசையில் விட்டான்.

கந்தோரில் ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. இல்லை. சொல்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வேப்பமர நிழலில் கார். கதவு திறந்து கிடக்கிறது. போன் சீற்றில். ஆளைக் காணவில்லை. அக்கம்பக்கம் தேடினேன்.

முன்னால் நின்ற வான் வண்டியின் பொனற்றுக்குள்ளிருந்து இவருடைய குரல். "தம்பி, கண்டதையும் விட்டுக் கலக்காதை. உந்த றப்பரை முதல் பார்." வான்காரப் பெடியன் தலையாட்டுகிறான்.

பின்னாலிருந்து ஹோர்ண் அடித்தார்கள். வரிசை நகரத் தொடங்கிவிட்டது. இவர் மெல்ல மெல்ல நடந்து வந்து, மூச்சு வாங்கியபடி ஸ்ரியறிங்கின் முன் இருந்தார்.

"வந்திட்டீரே? ஏறும்."

நான் ஏறவில்லை. பின்னால் போய்த் தள்ளினேன்.