கிளைசினுக்கும் ப்ரோலினுக்கும் நடுவே

7 மே 1963, செவ்வாய்

சுட்டெரிக்கிற வெயில். பெருநாள் முடிந்து அத்தாவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் வைக்க இடமில்லாமல் ஆட்டுத்தோல் குவிந்து கிடக்கிறது. வாடை வீடு வரைக்கும். அம்மா ஊதுபத்தி ஏற்றினாள். இரண்டு வாடையாக ஆனதுதான் மிச்சம்.

துணி மடித்தேன். வெங்காயம் உரித்தேன். பிறகு மேலே மச்சில் அக்காவின் மாடலுக்கு அளவு பிடித்தேன்.

மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற அக்கா, லீவுக்கு வரும்போது பெட்டி நிறைய சைக்கிள் கம்பியும் மரமணியும் கொண்டுவந்திருக்கிறாள். பெருநாளுக்கு ஒரு துணி கொண்டுவரவில்லையே என்று அம்மாவுக்குக் குறை. மணி ஒவ்வொன்றும் ஒரு அணு. கறுப்பு கார்பன், சிவப்பு ஆக்ஸிஜன், நீலம் நைட்ரஜன். மூன்று சங்கிலிகள், ஒன்றையொன்று சுற்றி, முறுக்கிய கயிறு மாதிரி. தோலில் இருக்கிற புரதம் இப்படித்தான் இருக்குமாம். ஷாப்பில் ஊறுவது முழுக்க இதுதானாம். அத்தாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன். அப்ப ஏன் இம்புட்டு நாறுதுன்னு கேட்டாங்க" என்று சிரித்தாள்.

நான் ஸ்கேல் பிடிப்பேன், அக்கா லாக் டேபிளை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பாள். மாடலில் ஒரு அங்குலம் என்பது நிஜத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம். எந்த இரண்டு அணுவும் ஓர் அளவுக்கு மேல் நெருங்கக் கூடாது. கார்பனும் ஆக்ஸிஜனும் என்றால் 2.8. அதற்கும் உள்ளே வந்துவிட்டால் அதன் பெயர் ஷார்ட் காண்டாக்ட். ஒன்றே ஒன்று இருந்தாலும் மாடல் தப்பு.

சங்கிலியின் கண்ணிகள் அமினோ அமிலங்கள். ப்ரோலின், கிளைசின். கிளைசின் மட்டும்தான் கயிற்றின் நடுவில் நிற்க முடியும். அதற்குப் பக்கத்தில் தொங்க எதுவும் கிடையாது. சின்ன ஆள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அம்மா படியிலேயே நின்று கேட்டாள். "யாருடி அந்த கிளைசின், ப்ரோலின்? ஹாஸ்டல்ல கூட இருக்குற, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளைகளா?"

"ஆமாம்மா. ரெண்டும் எப்பப் பாத்தாலும் ஒட்டிக்கிட்டே இருக்கும்."

நானும் சிரித்தேன்.

அக்காவுக்கு ஞாயிறு ராத்திரி ரயில். அதற்குள் என் ஒன்பதாம் வகுப்பு பற்றி அத்தாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். எட்டோடு போதும் என்று மாமு, அம்மாவின் அண்ணன், எப்போதும் சொல்வார். அக்கா மெட்ராஸில் நல்லபடியாக இருக்கும்வரை அத்தா மாமு பேச்சைக் காதில் வாங்க மாட்டார். எனக்கு இருக்கிற ஒரே வழி அக்காதான்.

9 மே, வியாழன்

காலையில் தந்தி.

தந்தி என்றதும் யார் மௌத் என்று அம்மா அழத் தொடங்கிவிட்டாள். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மாமு இருந்தார். அவருக்கு வேடசந்தூர் மில்லில் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற வேலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

ஷார்ட் காண்டாக்ட் கன்ஃபர்ம்டு. ப்ரொஃபசர் நோஸ். கம் மண்டே. ராகவன்.

பிறகு எங்களுக்காகத் தமிழில்: "கொஞ்ச நாள் தொடர்பு. உறுதியாயிருச்சு. ப்ரொஃபசருக்குத் தெரிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை வா. கீழ ராகவன்னு போட்டிருக்கு."

அம்மாவின் அழுகை நின்றது. அது நின்றதுதான் பயமாக இருந்தது.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள். தந்தியை வாங்கிப் பார்த்தாள். மாமு சொன்ன அர்த்தத்தைக் கேட்டாள். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால். அணு, தூரம், மெஷினில் கணக்குப் பார்த்தவர் இரண்டு அணு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ராகவன்ங்கிறது ஆம்பளையா?"

"ஆமா அத்தா. கூட வேலை பாக்குறவரு."

அத்தா நாஷ்டா சாப்பிடாமல் ஷாப்புக்குப் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம் சொன்னது: இனி மெட்ராஸ் இல்லை.

மச்சில் அக்கா என்னிடம் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் தப்பைச் சரிசெய்யாவிட்டால் கட்டுரையிலிருந்து அவள் பகுதியை எடுத்துவிடுவார்கள். இரண்டு வருட வேலை.

10 மே, வெள்ளி

ஜும்மா தொழுதுவிட்டு வந்து அத்தா என்னைக் கூப்பிட்டார். மாமுவும் இருந்தார், அம்மா கதவோரம்.

மாமு சொல்வது ஒன்று, அக்கா சொல்வது ஒன்று என்றார் அத்தா. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியுமாம்.

"நீ அவகூடவேதான் மச்சுல கெடக்குற. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்? கதையெல்லாம் வேணாம். ஒத்த வார்த்தையில சொல்லு."

தேடினேன். தொடர்பு என்றால் மாமு சொன்னதே ஆகிவிடும். தொடுவது என்றால் அதைவிட மோசம். அக்கா எனக்குச் சொல்லித்தந்தபோது எந்த வார்த்தை சொன்னாள் என்று யோசித்தேன். அதுவே வாயில் வந்தது.

"நெருக்கம், அத்தா."

அத்தாவின் முகம். எழுத வரவில்லை.

"யாருக்கும் யாருக்கும்?"

"கிளைசினுக்கும் ப்ரோலினுக்கும்."

அது ஹாஸ்டல் பெண்கள் பேர் அல்லவா என்று அம்மா மெல்லக் கேட்டாள். மாமு தலையை ஆட்டினார். "பாத்தீங்களா மச்சான், புள்ளைய எப்புடிப் பழக்கி வச்சிருக்கான்னு. பேர மாத்திச் சொல்லுது."

அழுதேன். அழுததையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "சரியான வார்த்தைதாண்டி" என்றாள். திட்டியிருக்கலாம்.

11 மே, சனி

தண்ணீர் வண்டி வரவில்லை. வெஞ்சனம் வெறும் துவையல்.

அக்கா விடிந்ததிலிருந்து மச்சில். நான் ஸ்கேல். எங்கே நெருங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சங்கிலியில் ப்ரோலினின் ஆக்ஸிஜன், பக்கத்துச் சங்கிலியில் கிளைசினின் கார்பன். 2.5தான் வருகிறது. நாங்கள் செவ்வாய்க்கிழமை அளந்தபோது கம்பி வளைந்திருந்திருக்கிறது, அதனால் தெரியவில்லை. அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்ற எல்லாம் நகரும், எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். ஒரு இடத்தில் விலக்கினால் இன்னொரு இடத்தில் இடிக்கிறது. சாயங்காலம் அசருக்கு பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. அக்கா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கையில் கம்பி கிழித்த கோடுகள்.

தந்தி எழுதினாள். காண்டாக்ட் ரிமூவ்டு. லெட்டர் ஃபாலோஸ். எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற கணக்கெல்லாம் தனிக் கடிதத்தில்.

மாமு படித்துப் பார்க்காமல் வீட்டைவிட்டு எந்தக் காகிதமும் போகக் கூடாது என்பது அத்தாவின் உத்தரவு. மாமு படித்தார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"தொடர்ப அறுத்தாச்சுன்னு எழுதியிருக்கு, மச்சான். மத்தது கடுதாசில வருதாம்."

அத்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். நிமிர்ந்து பார்க்காமல் அக்காவிடம் கேட்டார், "நெசமாத்தானாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். தலை லேசாக அசைந்தது. வேண்டாம் என்று.

"நெசந்தான் அத்தா. இனிமே ஒண்ணும் இல்ல."

அத்தா அவள் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. தந்திக்குச் சில்லறையை அவரே எடுத்துத் தந்தார், என்னையே போகச் சொன்னார்.

தபாலாபீஸ் வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் யோசனை. உண்மையைச் சொல்லியிருந்தால் தந்தியைக் கிழித்திருப்பார்கள். சொல்லாததால், நடக்காத ஒன்றை அக்கா ஒப்புக்கொண்டதாகிவிட்டது. திரும்பி ஓடிவிடலாமா என்று வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர் "என்ன பாப்பா, தந்தியா? குடு" என்றார். கொடுத்துவிட்டேன். கடிதத்தையும் பெட்டியில் போட்டேன்.

13 மே, திங்கள்

மாமுவின் வீட்டார் வந்திருந்தார்கள். மாமி, அவர்கள் மகன் ஜமால் மச்சான். அவரும் அதே மில்லில்தான். நல்லவர்தான், அதிகம் பேச மாட்டார். நன்னாரி சர்பத் அக்காதான் கலக்கினாள். அவருக்கும் அக்காவுக்கும் முஹர்ரம் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். இவ்வளவு நடந்த பிறகும் பெண் எடுக்கிறார்களே என்று அம்மா மாமியின் கையைப் பிடித்து அழுதாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி டம்ளர் கழுவினாள்.

சாயங்காலம் மெட்ராஸிலிருந்து பதில் தந்தி. ப்ரொஃபசர் ஹாப்பி. பேப்பர் சென்ட். பெரியவரே சந்தோஷப்பட்டுவிட்டார், விஷயம் முடிந்தது என்று மாமு அர்த்தம் சொன்னார். அக்கா என் காதில் மட்டும் சொன்னாள், "கட்டுரை எம்பேரோடயே போயிருச்சுடி." அவ்வளவுதான். பிறகு மாமிக்கு வெற்றிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போனதும் அத்தா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். வெகு நாளைக்குப் பிறகு. "ஒங்கக்காவுக்காக மறைக்காம உண்மையச் சொன்ன புள்ள நீ. ஒன்னையாவது நான் ஒழுங்கா வச்சுக்கிறணும்" என்றார். எட்டு போதுமாம். பள்ளிக்கூடத்தில் அவரே வந்து சொல்லிவிடுவாராம். தையல் மெஷின் வாங்கித் தருவாராம். குரலில் கோபமே இல்லை, அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

தலையாட்டினேன்.

மச்சுக்கு வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். படிப்பு போகிறதே, நீயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

எந்த வார்த்தை, அக்கா?