இருபது இன்ச்சா, இருபத்துநாலா?

ஐப்பசி 12, புதன்

கனடாவில் இருக்கும் தம்பி, மான் வேட்டைக்குத் தன் கைக்கு ஏற்றபடி ஒரு துப்பாக்கி செய்யக் கொடுத்திருக்கிறான். குழல் இருபது இன்ச் போதுமா, இருபத்துநாலு வேண்டுமா என்று வீடியோ காலில் அப்பாவிடம் கேட்டான். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத அப்பாவிடம்!

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு மூங்கில் குச்சிகளை அந்த அளவுகளுக்கு வெட்டினார். ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு, காட்டில் போவதுபோல் எங்கள் தறிகளுக்கு நடுவே நடந்து காட்டினார். போன வாரம் புதுப் புடவைக்கு என்ன கரை போடலாம் என்று நான் கேட்டபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

திரும்பும்போது நீளக் குச்சி என் தறியின் பாவு நூலில் மாட்டிப் பத்துப் பன்னிரண்டு இழைகள் அறுந்தன. குச்சி மாட்டியதை அப்பா கவனித்தார். இழை அறுந்ததைக் கவனிக்கவில்லை.

"நீட்டமா இருந்தா புதர்ல மாட்டிக்கும்பா. இருபதே வச்சிக்கோ" என்றார் போனைப் பார்த்து.

"அண்ணன் இன்னாப்பா சொல்லுது?" என்று தம்பி கேட்டான்.

"அவன் வேலையா இருக்கான். நீ சொல்லு கண்ணு."

வேலையாகத்தான் இருந்தேன். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தேன்.

என்னைக் கேட்டிருந்தால் இருபத்துநாலு என்றிருப்பேன். அது புதரில் மாட்டி, மான் ஓடிப்போகட்டும் என்றுதான்.