பாதி எழுதிய கத்தி

கிரீட், 12 மார்ச் 1983

அன்புத் தம்பி மீரோஸுக்கு,

அக்கா ஆர்கிரோ எழுதுவது. நானும் ஆடுகளும் நலம். ஸ்டுட்கார்ட் குளிரில் நீ ஸ்வெட்டர் போடாமல் திரிகிறாய் என்று கேள்வி, அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் இது. ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை பட்டறையில் உலை மூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் வார்திஸ், அந்த்ரூலிஸின் அப்பா. மகனைப் புதைத்த நாளில் போட்ட அதே கறுப்புச் சட்டை, மழிக்காத தாடி. எட்டு வருஷமாக நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காத மனிதர். எனக்கு உயிரே போய்விட்டது, போ.

"கத்தி ஒண்ணு வேணும். உன் கையால செய்யணும்" என்றார். பைக்குள்ளிருந்து ஒரு கிடாக்கொம்பை எடுத்து மேடையில் வைத்து, "பிடிக்கு இதைப் போடு. எம்புள்ள வளத்த கிடா" என்றார். யார் கைக்கு அளவு என்று கேட்டேன். கேட்காமல் எப்படிப் பிடி செதுக்குவது? "உன் தம்பி கைக்கு" என்றார். நான் நீட்டிய காப்பியைத் தொடக்கூட இல்லை.

அலகில் என்ன பாட்டு எழுதட்டும் என்றும் கேட்டேன். இரண்டடிப் பாட்டு இல்லாத கத்தியை நம் ஊரில் யார் இடுப்பில் செருகுகிறார்கள்? ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தந்தைக்குக் கொடுக்கும் கத்திக்கு ஒரு மாதிரிப் பாட்டு, பழி தீர்க்கிற கத்திக்கு வேறு மாதிரி. கேட்டால் எதற்கென்று தெரிந்துவிடும் என்றுதான் கேட்டேன். "அது கடைசியில சொல்றேன், நீ வேலையப் பாரு" என்று போய்விட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பாய். பிள்ளையைப் பறிகொடுத்தவர் நம் படியேறி வந்து கேட்கும்போது எந்த முகத்தோடு மறுப்பேன்? அந்தக் கல்யாணத்தில் நீ வானத்தைப் பார்த்துத்தான் சுட்டாய், எனக்குத் தெரியும். கல்யாணச் சந்தோஷத்தில் ஊரே சுட்டது. மொட்டைமாடியில் அந்த்ரூலிஸ் நின்றது உன் கண்ணில் படவில்லை, குண்டு அவன் மேல் பாய்ந்துவிட்டது. கோர்ட்டு கொடுத்ததை நீ அனுபவித்துவிட்டாய். ஆனால் வார்திஸ் இன்னும் தாடி எடுக்கவில்லையே, தம்பி.

யார் கூப்பிட்டாலும் வராதே.

உன் அக்கா,
ஆர்கிரோ

20 ஏப்ரல் 1983

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எத்தனை காலம்தான் ஒளிந்திருப்பது என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது, அப்புறம் அழுதுவிட்டேன்.

கத்தி முடிந்துவிட்டது. எனக்கு வந்த கெட்ட புத்தியை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? பழைய லாரியின் வில்பட்டையை அடித்து நீட்டி, வடிவம் எடுத்து, கடைசித் தோய்ச்சலுக்காக உலையில் வைத்தபோது, கொஞ்சம் அதிகமாகவே காய விட்டால் என்ன என்று தோன்றியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எலும்பில் பட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். உன் மேல் ஓங்கினால் உடைந்து போகட்டும் என்றுதான். இரும்பு மாதுளம்பழச் சிவப்புக்கு வந்தது, அதுதான் சரியான பதம். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. உருவி எண்ணெயில் விட்டுவிட்டேன். விரிசல் சத்தம் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. இவ்வளவு நல்ல அலகு நான் இதுவரை செய்ததில்லை. எனக்கே என் மேல் எரிச்சல். பிடியை என் கைக்கு ஒத்துப் பார்த்துச் செதுக்கினேன். நம் இருவருக்கும் அப்பாவின் தடித்த கைதானே.

நேற்று வார்திஸ் வந்தார். அலகில் மெழுகு பூசி ஊசியோடு உட்கார்ந்தேன். மெழுகைக் கீறி எழுதினால் போதும், கீறிய இடத்தை அமிலம் அரித்துக்கொள்ளும்.

"எழுது. எம்மகன் படுத்த மண்ணு மேல புல்லு முளைச்சுப் போச்சு."

எழுதினேன். இரண்டாவது அடி என்ன என்று கேட்டேன்.

"அது எங்கிட்ட இல்ல. உன் தம்பி வரட்டும். ஈஸ்டர் அன்னிக்கு என் வாசல்ல நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதைக் கேட்டுட்டுத்தான் இந்தக் கத்திய அவனுக்குப் பிடிப்பக்கமா குடுக்கிறதா, முனைப்பக்கமா குடுக்கிறதான்னு முடிவு பண்ணுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சமாதானமா சண்டையா, வாயத் தொறந்து சொல்லித் தொலைங்க மாமா" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கொம்புப் பிடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியல பொண்ணே" என்றார்.

அவர் பேத்திக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, ஞானத்தந்தையாக ஆள் தேடுகிறார் என்று காப்பிக்கடையில் பேச்சு. பகையாளியை ஞானத்தந்தையாக்கிப் பகையை முடிப்பது நம் ஊர் வழக்கம்தானே, அதற்காகவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பொய் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன்.

வராதே என்று எழுதிய கைதான் இது. இப்போது வா என்று எழுதப் பயமாக இருக்கிறது, வராதே என்று எழுத மனசும் வரவில்லை. இத்தனை வருஷமாக அவரிடம் சொல்ல நினைத்தது உன் நெஞ்சில் ஏதாவது இருக்குமே. அதை அழகாக அடுக்கிக்கொண்டிருக்காதே. எதுகை வராவிட்டால் போகிறது. இருக்கிறபடி வந்து சொல்.

கன்னித்தாய் உன் வழியெல்லாம் காக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீயாக நடந்துவிடாதே. சாலை முக்கில் நான் நிற்பேன். அவர் வாசல்வரை நான்தான் முன்னால் நடப்பேன். நீ என் முதுகை விட்டு விலகாமல் வா.

உன் அக்கா,
ஆர்கிரோ