பிந்தான் தீவுச் சோறு

அன்புள்ள அண்ணை,

"எங்களைப் பற்றி அங்கை ஆருக்கும் சொன்னியோடா?" என்று போன கிழமை போனில் கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இந்தோனேசியாவில், பிந்தான் தீவு அகதி முகாமில் நீங்கள் பழக்கிய நாசி கோரெங்தான் இப்போது லண்டன் செவன் கிங்ஸ் பகுதிச் சாப்பாட்டுக் கடையில் என் வேலை. முதல்நாள் சோறு, இனிப்புச் சோயா, மேலே ஒரு பொரித்த முட்டை. மனைவி லண்டனில் இருந்ததால் எனக்கு விசா வந்தது. உங்களைப் பதினொரு வருடமாக ஒரு நாடும் எடுக்கவில்லை. உங்கள் சமையல் மட்டும் எல்லாருக்கும் வேண்டும்.

இன்று மதியம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதை எங்கே பழகினாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே முதலாளி பாலேந்திரா தமிழில் அதட்டினார்.

"சனம் சாப்பிட வருகுது, ஒப்பாரி கேக்க இல்லை. பாலியில பழகினனான் எண்டு சொல்லு."

சொன்னேன். பாலிக் கடற்கரை எப்படி என்று பெண்மணி கேட்டார். அழகு என்றேன்.

முதலாளி உள்ளே போய்விட்டார். அப்போதுதான் அந்தப் பெண்மணி, யார் பழக்கியது என்று கேட்டார். என்னைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை, அண்ணை.

ஹோட்டல்காரர் ஒருவர், பெயர் ஞாபகம் இல்லை என்றேன்.

உங்கள்
தம்பி