பின்பக்கத்து எடை

மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் சிக்னலில், என் மகனின் காருக்குள் திடீரென்று விளக்கெண்ணெய் வாசனை. பின்சீட்டில் என் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, முட்டிவலிக்குத் தடவிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கோ மாட்டுங்கா கராஜும் பிரேக் ஆயில் டப்பாவும் நீயும்தான் கண்முன் வந்தீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலுக்கும் இதே வாசனைதானே!

அறுபதுகளில் நம் கராஜ் சேட்டுக்கு ஓர் ஆசை பிடித்தது. பழைய கார் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றி வீசிவிட்டு, முன்னால் பெரிய எஞ்சினை ஏற்றி, டிராக் ரேஸில் விடவேண்டும். நேரான கால் மைல், இரண்டு கார், யார் முந்துகிறார்கள் என்பதுதான் பந்தயம். ஓட்டுவதற்கு நீ, பிரேக் சரிபார்க்க நான். படிப்பையே ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன் என்பதால் நிறுத்துகிற வேலையை என்னிடம் கொடுத்தார் போலும்.

நீ பெடலை மிதிப்பாய். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று மாட்டிய இரண்டு பிரஷர் மீட்டரையும் நான் குனிந்து பார்ப்பேன். பெடலுக்குப் பின்னால் இருந்த நட்டைத் திருகினால் முன்னே ஏறும், பின்னே இறங்கும். முன்சக்கரம் இறுகிவிட்டால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சுக் கேட்காது. பின்சக்கரம் முதலில் இறுகினால் கார் வாலைச் சுழற்றிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அது எங்கே என்று மீட்டர் சொல்லாது, ரோடுதான் சொல்லும். அதைத் தேடுவதில் எனக்கு இருந்த ருசி, கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இருந்ததில்லை. (என் வீட்டுக்காரியான உன் அக்கா இதைப் படிக்கமாட்டாள் என்று தைரியமாக எழுதுகிறேன்.)

தாராவி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சும்மா ஓட்ட விடுவார்களா நம் ஆட்கள்?

"ரேஸ் காராம்லா, ஒரு ரவுண்டு எங்களையும் ஏத்துல!" என்று என் சித்தப்பா முதலில் ஏறினார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். பின்சீட்டு இருந்த இடத்தில் கல்யாணப் பந்தி மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நீ பிரேக் போட்டாய். தேர் நிலைக்கு வந்த மாதிரி நின்றது. நான் நட்டை இறுக்கி, மேலே சாக்பீஸால் ஒரு கோடும் போட்டுவிட்டேன். இதுதான் சரியான இடம் என்று.

ரேஸ் அன்று காலையில், பந்தயம் நடக்கவிருந்த விமான ஓடுதளத்தைக் கடைசிவரை நடந்து பார்த்தேன். முடிவுக் கோட்டுக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம், ஆள் உயரத்துக்கு. என் தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்து அப்போது ஐந்து மாதம்தான்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்திருதேன்" என்று கிளம்பினாய். பாதி தூரத்தில் பிரேக் போட்டாய். பின்சக்கரம் இரண்டும் கறுப்புக் கோடு இழுத்தன. கார் அப்படியே சுழன்று, என்னைப் பார்த்து நின்றது.

நீ இறங்கி வந்து சிரித்தாய். "மச்சான், ஒன்ன உட்டுட்டுப் போக மாட்டேங்குல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டயரைக் குற்றம் சொன்னேன், ஆயிலைச் சொன்னேன், கண்ணேறு என்றும் சொன்னேன். நீ மட்டும் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாய்: "அன்னைக்கு நல்லாத்தான நின்னுச்சு. அன்னைக்கு என்ன இருந்துச்சு, இன்னைக்கு என்ன இல்ல?"

காலியாகக் கிடந்த பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"சித்தப்பா இல்லல!" என்று கத்தினேன்.

ஆறு பேர் அமுக்கிக்கொண்டிருந்தபோது ரோட்டைப் பிடித்த பின்சக்கரம், ஆள் இல்லாதபோது லேசாகிவிட்டது. பிரேக் போட்டால் எடையெல்லாம் மூக்குப் பக்கம் போய்விடுமே! நான் ரேஸ் காருக்கு பிரேக் வைக்கவில்லை, சித்தப்பாவுக்கு வைத்திருந்தேன்.

இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க நேரமில்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பின்னுக்குக் குறைத்து, முன்னுக்குக் கூட்டி நட்டைத் திருகினேன். எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்து ஓர் உத்தேசம், அவ்வளவுதான். "போகாதல, சேட்டுகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"நீதான திருவுன? பெறவு என்ன?" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

இரண்டு பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாய். சேட் தலையில் கைவைத்து, "ஹார் கயா!" என்றார், தோற்றுவிட்டானாம். நான் உன் சக்கரங்களைத்தான் பார்த்தேன். பள்ளத்துக்கு நல்ல தூரம் இருக்கும்போதே, ஒரு கோணல் இல்லாமல் நேராக நின்றது கார். அன்று அந்த ஓடுதளத்தில் தோற்றுப்போனதற்காகக் குதித்தவன் நான் ஒருத்தன்தான்.

எது நன்றாக நடந்தாலும் உன் கேள்வியைத்தான் இப்போதும் கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு யார் யார் கூட இருந்தார்கள் என்று. என் பிள்ளைகளுக்கு இது கிழட்டுப் புத்தி.

செம்பூர் சிக்னலில் மகன் சடக்கென்று பிரேக் போட்டான். "பாத்துப் போடுல, பின்னால எடை கம்மி" என்றேன், வழக்கம்போல.

"ரெண்டு பேர் ஒக்கார்ற எடத்துல அத்தை ஒருத்திதான இருக்கா, கார் என்ன பறந்தா போயிரும்?" என்று சிரித்தான்.

என் தங்கச்சி சிரிக்கவில்லை. நீ இருந்தவரைக்கும் உட்கார்ந்துவந்த ஜன்னலோரத்தில் தன் பையை எடுத்து வைத்து, அது சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.