பேச்சியக்கா திருத்திய துப்பாக்கிகள்

என் எல்லாக் கதைகளையும் எனக்கு அடுத்தபடி முதலில் படித்த பேச்சியக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. அதற்குள் இரண்டு நாவல் எழுதிவிட்டேன். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். புத்தகம் கடைக்கு வந்த மூன்றாம் நாளே ஒரு வாசகர் போன் பண்ணினார். இங்கே ராஜபாளையத்தில்தான் பல் டாக்டராக இருக்கிறாராம், ரைபிள் கிளப்பிலும் உறுப்பினர்.

"சார், கதை ஓட்டம் நல்லாருக்கு. ஆனா உங்க ஆளு ரிவால்வரோட சேஃப்டியத் தள்ளிவிட்டுட்டுச் சுடுறான். எந்த ரிவால்வர்ல சார் அப்படி ஒண்ணு இருக்கு?"

கைதவறி வெடிக்காமல் தடுக்கிற அந்தப் பூட்டு பெரும்பாலான ரிவால்வர்களில் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "முன்னாடியெல்லாம் உங்க நாவல்ல இந்தத் தப்பு வராதே" என்றார். "முன்னாடி எங்க அக்கா இருந்தா" என்றேன்.

பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவன் நான். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் என் நாவலில் தோட்டாக் கணக்கு பிசகாது, எந்தத் துப்பாக்கி எப்படி உதைக்கும் என்பது பிசகாது என்று சுடுகிறவர்களே தேடி வாங்குவார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்தது நீ. போலீஸ் ஆயுதப்படையில் பதினெட்டு வருஷம், அதில் பாதி ஆயுதக் கிடங்கில். டூட்டி முடிந்து விருதுநகரிலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி, சேலை மாற்றிக்கொண்டு, என் கதைத்தாள்களை மடியில் போட்டுக்கொள்வாய்.

"ஏலே, ஆறு ரவை போடுற துப்பாக்கில ஏழாவது எங்கருந்துலே வந்துச்சு? ஒன் மில்லுல செஞ்சு அனுப்புனியா?" என்று அங்கிருந்தே போனில் சத்தம் கொடுப்பாய்.

நீயாக ஒரு காட்சி சொன்னது ஒரே ஒரு தடவைதான். நினைவிருக்கிறதா? பயறு புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ஒரு போலீஸ்காரி. எதுக்க ஒருத்தன் அருவாளோட வாரான். சுடுன்னு உத்தரவு. ட்ரிக்கர அமுக்குதா, வெடிக்கல. சேஃப்டிய எடுக்கவே இல்ல. அந்தச் செத்த நேரத்துல அவன் அருவாளக் கீழ போட்டுருதான். அம்புட்டுத்தான். எழுதுலே."

எழுதினேன். நாவல் நன்றாகப் போனது. ஆனால் அந்தக் காட்சிக்கு மட்டும் திட்டித் திட்டிக் கடிதம் வந்தது. பயிற்சி எடுத்த போலீஸ் சேஃப்டியை மறக்குமா, துப்பாக்கி விஷயத்தில் உங்களை நம்பினோமே என்று கேட்டார்கள். மறுபதிப்பு வந்தபோது மாற்றிவிட்டேன். துப்பாக்கி வெடித்தது, அவன் செத்தான். திட்டியவர்களே பாராட்டினார்கள்.

புதுப் பதிப்பை உன்னிடம் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாய். "செத்துட்டானாலே?" என்று மட்டும் கேட்டாய்.

"ஆமாக்கா. இப்பதான் நம்புற மாதிரி இருக்கு."

அடுத்த கதையைத் திருத்தித் தர ஒரு மாசத்துக்கு மேல் ஆக்கினாய். வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து கேட்டிருக்கலாம், இல்லையா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

உன் வருஷ திதிக்கு, உன்னோடு வேலை பார்த்த ஏட்டையா சுடலைமுத்து வந்திருந்தார். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகிறதாம். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, மொதப் பதிப்புல சரியா எழுதியிருந்தீக. ரெண்டாவதுல ஏன் அவனக் கொன்னீக?"

"நீங்க எப்படி ரெண்டையும்..."

"சுடுன்னு சொன்னவன் நான்தானய்யா."

அப்புறம் விவரமாகச் சொன்னார். கிணற்றுத் தண்ணீருக்காக இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்ட ஊரில் நீயும் அவரும் காவலுக்கு நின்றிருக்கிறீர்கள். சாயங்காலம் ஒருவன் அரிவாளோடு எதிர்வீட்டுக்காரனைத் துரத்திக்கொண்டு வந்தான். இவர் குறுக்கே போனார், அவன் இவர் பக்கம் திரும்பினான். நீ அவன் மார்புக்கு நேராகக் குறி வைத்திருந்தாய். அவர் "சுடு" என்று கத்தினார். வெடிக்கவில்லை. அவன் நின்றான், உன்னைப் பார்த்தான், அரிவாளை விட்டுவிட்டான்.

"பொறவு ரைபிள நான் கையில வாங்கிப் பாத்தேன். சேஃப்டி போட்டபடி இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. மறந்துட்டியாம்மான்னு கேக்க வாய் வரல. அவளும் சொல்லல."

அத்தானிடம் கேட்டேன். அவருக்கும் இது புதுச் செய்திதான்.

அதற்குமேல் எனக்கு வேலையே ஓடவில்லையக்கா. மறந்தாயா, இல்லை வேண்டுமென்றே விட்டாயா? கிடங்கில் அத்தனை துப்பாக்கியையும் கழற்றித் துடைத்து மாட்டிய கை, அந்தச் சின்னப் பூட்டை மறக்குமா? வேண்டுமென்றே விட்டாய் என்றால், அவன் ஏட்டையாவை வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

பல் டாக்டரையே கூப்பிட்டுக் கேட்டேன். "வந்து பாருங்க சார்" என்று ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் துப்பாக்கி பிடித்தேன். நான் எழுதிய அத்தனை நாவலிலும் சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஆனால் என்னைப் படுத்தியது சத்தம் இல்லை, மூச்சு. எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் திணறினேன். இதை ஏன் நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

பத்து தடவை சுட்டதும் சேஃப்டியைத் தேடி விரல் தானாகப் போக ஆரம்பித்தது. அப்படியென்றால் நீ மறந்திருக்க முடியாது என்று முடிவுகட்டினேன். டாக்டர் தலையாட்டினார். "அப்படிச் சொல்ல முடியாது சார். பதினஞ்சு வருஷமா சுடுறேன். போன போட்டியில எனக்கே மறந்துருச்சு. பதட்டம் வந்தா கை வேற ஆளோட கை."

ஆக, திரும்பவும் தொடங்கிய இடத்திலேயே நின்றேன்.

கடைசியில், அன்று அரிவாளோடு வந்த அந்த ஆளையே தேடிப் போனேன். வ. புதுப்பட்டியில் கொய்யாத் தோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறைக்குப் போய் வந்து, சொந்த ஊர் வேண்டாமென்று இங்கே வந்துவிட்டாராம். பேச்சியம்மாள் தம்பி என்றதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நீ தவறிப்போனது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அன்னைக்கு என்னய்யா பாத்தீக?" என்று கேட்டேன்.

"அந்தக்கா விரல் அசைஞ்சதப் பாத்தேன். சோலி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். வெடிச் சத்தம் ஒண்ணும் கேக்கல. அப்பந்தான் பயந்தேன். அதுவரைக்கும் பயமே இல்ல."

"அக்கா முகம் எப்படி இருந்துச்சு?"

"என்னைய மாதிரியே இருந்துச்சு" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாசத்தில் நீ அந்தத் தோப்புக்கு வந்திருக்கிறாய். தனியாக, யூனிபார்ம் இல்லாமல். மோர் வாங்கிக் குடித்தாய். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாய். "ரெண்டு பொட்டப்புள்ள, கடைசியா ஒரு பய" என்று அவர் சொல்ல, பெயர்களைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். எதற்கு வந்தாய் என்று அவருக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனை நான் கொன்ற மறுபதிப்பு வந்த அதே மாசம். உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கத்தான் போனாயா அக்கா?

மறந்தாயா விட்டாயா என்று இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை. உனக்கே அது தெரியாமல் இருந்திருக்குமோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். மூன்றாம் பதிப்பு தைக்கு வருகிறது. நீ சொன்னது சொன்னபடியே அதில் இருக்கும், அவன் உயிரோடு வீட்டுக்குப் போவான். கிளப்காரர்கள் கடிதம் எழுதினால் எழுதட்டும், ஒரு வரிகூட மாற்றமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி குருசாமி