தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில் ஒரு வாங்கு

மச்சான்,

ஸ்காபரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பூப்பாத்திக்கு வரம்பு கட்டுகிறார். பழைய சிலிப்பர் கட்டைகள்தான் வரம்பு. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து ரயிலைச் சுமந்த கட்டைகளை இப்போது பூச்செடிக்கு முட்டுக் கொடுக்க விற்கிறார்கள். நேற்று வெயில் ஏறியதும் அவற்றிலிருந்து தார் எண்ணெய் மணம் எழும்பியது. பஸ்ஸால் இறங்கி நடந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நீ சரக்கு ரயில் பாதையோர வேலியில் சாய்ந்து நின்றுவிட்டு, இந்த மணத்தோடுதான் வீட்டுக்குப் போவாய். "கராஜிலை வேலை செய்யிறவன் மாதிரி மணக்கிறாய்" என்று உன் அம்மா ஏசுவார்.

உன்னை நல்ல நினைவோடு கூப்பிட எனக்கும் ஆசைதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறாய் என்றதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "ரயில் படிக்கிறதெண்டால் ஜப்பானுக்குப் போடா. அயர்லாந்திலை என்ன கிடக்கு?" என்றேன் நான். நீ கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒண்டும் இல்லை. அதுதான் போறன்" என்றாய்.

போன பிறகுதான் உன் வாய் திறந்தது. வாராவாரம் தொலைபேசியில் எனக்கு விரிவுரை. அந்த நாட்டில் ஒரு காலத்தில் சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ரயில் ஓடியதாம். பிறகு லாபமில்லை என்று ஒவ்வொன்றாக மூடினார்களாம். மிஞ்சிய பாதைகளில் பெரும்பாலானவை தலைநகர் டப்ளினைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. மேற்குக் கரையில் ஓர் ஊரிலிருந்து அதே கரையில் இன்னோர் ஊருக்கு ரயிலில் போவதென்றால், பல இடங்களில் நாட்டையே குறுக்கே கடந்து டப்ளின் போய்த் திரும்பி வர வேண்டும். "தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை" என்பாய்.

உன் திட்டத்தில் பகட்டே இல்லை. பறக்கிற ரயில் ஒன்றும் நீ கேட்கவில்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்காமல் அங்கங்கே விலகிப் போக இரண்டாவது தண்டவாளம் கேட்டாய். மணிக்கு ஒரு வண்டி, எப்போதும் அதே நிமிடத்தில், மறதிக்காரரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மாதிரி. டீசல் புகையை விட்டுவிட்டு மின்சாரம், கம்பி இழுக்கச் செலவு கட்டாத இடத்தில் பற்றரி வண்டி. ரயில் வந்து நிற்கும்போது ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்க வேண்டும், ரயிலுக்குப் போட்டியாகப் பக்கத்துத் தெருவில் ஓடக் கூடாது. அந்த நாட்டுத் தண்டவாளம் பக்கத்து நாடுகளில் உள்ளதைவிட அகலமாம். அதனால் ஆயத்தமாகக் கிடக்கிற வண்டிகளை வாங்க முடியாது என்று யாராவது சாட்டுச் சொன்னால் உனக்குப் பத்திக்கொண்டு வரும். "அப்ப அளவு குடுத்துத் தையுங்கோவன்" என்பாய்.

எல்லாவற்றையும்விட உனக்கு முக்கியம், நீ குடியிருந்த ஊரில் மூடிக் கிடந்த பாதை. புல்லும் பற்றையும் ஏறியிருந்தாலும் அடியில் தண்டவாளம் கிடந்தது. அதில் ரயில் விட்டால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற கோல்வேக்கு நேரே போகலாம். அதைத் திறக்கச் சொல்லி நரைத்த தலைகள் கூடிய ரயில் சங்கத்தில் உன்னுடையது ஒன்றுதான் கறுத்த தலை. கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பிப் பேசினாய்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? ஆய்வு செய்தார்கள். அந்த ஆய்வு சரியா என்று பார்க்க இன்னோர் ஆய்வு செய்தார்கள். கடைசியில் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சைக்கிள் பாதை போட்டார்கள். பிறகு தேவையென்றால் ரயிலைக் கொண்டுவரலாம் என்று ஒரு கதை வேறு. சீ என்று போய்விட்டது எனக்கு. சைக்கிளோடு உனக்குப் பகையில்லை. "சைக்கிளுக்கு எத்தினையோ வழி விடலாம். ரயிலுக்கு இந்த ஒரு வழிதான் இருந்தது" என்றுதான் சொன்னாய். இங்கே ஸ்காபரோவில் சின்ன வயதில் நாங்கள் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு போன ரயிலும் நின்றுவிட்டது, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறோம் என்றேன். "எல்லா நாட்டிலையும் ஒரே நோய்தான்" என்றாய்.

பிறகு உனக்கே நோய் வந்தது. உன் அம்மா ஓடி வந்து உன்னோடு நின்றார். சிகிச்சைக்குக் கோல்வே போக வேண்டும். கார் ஓட உன் உடம்பு விடவில்லை, அம்மாவுக்கு ஓடத் தெரியாது. வளைந்து வளைந்து போகிற தெருவில் பஸ்தான். திரும்பி வரும்போது பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி வருவாய். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சைக்கிள் பாதை தெருவோடு கூடவே வருகிறது என்று எனக்கு மட்டும் சொன்னாய். அம்மாவுக்கு நீ அதைக் காட்டவில்லை.

உன்னை இழந்து தனியே ஸ்காபரோவுக்குத் திரும்பிய உன் அம்மா, போன ஞாயிறு டோர்செட் பார்க்கில் இருக்கிற தன் அப்பார்ட்மென்டுக்கு என்னைக் கூப்பிட்டார். அந்த ஊர்ச் சபையிலிருந்து ஓர் அதிகாரி வீடியோவில் பேசப் போகிறார், நான் மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இது புதிதா? டொக்டரிடமும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் பெற்றோருக்கு வாயாக இருந்தேதான் வளர்ந்தோம்.

அதிகாரி இனிமையான பெண்மணி. சைக்கிள் பாதையோரம் வழிப்போக்கர் உட்கார உன் பெயரில் ஒரு வாங்கு போடப் போகிறார்களாம், அம்மாவின் சம்மதம் வேண்டுமாம். படமும் காட்டினார். அதே பாதையிலிருந்து பிடுங்கிய சிலிப்பர் கட்டையால் செய்த வாங்கு. 'இந்தப் பாதையை நேசித்தவர்' என்று அதில் பொறிப்பார்களாம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம். அந்த மடிக்கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

வாங்கு போடுகிறார்கள் என்பதை மட்டும் அம்மாவுக்குச் சொன்னேன். அவருடைய முகம் விரிந்துவிட்டது. "என்ரை பிள்ளையின்ரை பேர் அங்கை இருக்குமோ? ஆக்கள் வந்து இருப்பினமோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினால் அவருக்கு ஓர் ஆறுதல் மிஞ்சும், ஆனால் உன்னைத் தோற்கடித்தவர்கள் உன் பெயரிலேயே சாய்ந்து இருந்து இளைப்பாறுவார்கள். உள்ளதைச் சொன்னால் அந்த ஆறுதலைப் பிடுங்கியவன் நானாவேன்.

அதற்குள் அவரே கேட்டார். "அதிலை இருந்தால் ரயில் தெரியுமோ தம்பி? அவனுக்கு அதெண்டால் உயிர்."

"ரயில் இல்லை அன்ரி. தண்டவாளத்தைப் பிடுங்கிப்போட்டுத்தான் உந்தப் பாதையைப் போட்டவை."

"பிடுங்கினவையோ? எங்கடை ஊரிலை பங்கர் கட்டப் பிடுங்கினவங்கள். அது சண்டைக் காலம். அங்கை என்ன சண்டை?"

"சண்டை ஒண்டும் இல்லை அன்ரி."

"உதாலை ரயில் ஓடியிருந்தால் எங்கை போயிருக்கும்?"

"கோல்வேக்கு. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்துக்கு."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அந்தப் பக்கம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"அவவுக்குச் சொல்லு," என்றார் அம்மா. "என்ரை பிள்ளை பஸ்ஸுக்குள்ளை சத்தி எடுத்து எடுத்துப் போய்வந்தவன். என்ரை மடியிலைதான் தலை வைச்சுக்கொண்டு வந்தவன். அவன்ரை பேரிலை உதிலை வாங்கு வேண்டாம்."

டொக்டர்மார் சொன்னதையெல்லாம் மென்மையாக்கிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்றைக்கு ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. அந்தப் பெண்மணியின் சிரிப்பு நின்றது. மன்னிப்புக் கேட்டார். அப்படியென்றால் உங்கள் மகன் நினைவாக நாங்கள் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"ரயிலை விடச் சொல்லு."

அதையும் அப்படியே சொன்னேன். கலந்து பேசிவிட்டு அறிவிக்கிறோம் என்று அவர் விடைபெற்றார். இன்னோர் ஆய்வு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரை இருண்ட பிறகு அம்மா கொஞ்ச நேரம் அழுதார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

"விடுவினமோ தம்பி?"

"இப்ப விடமாட்டினம் அன்ரி."

"அப்ப திருப்பித் திருப்பிக் கேள்."

கேட்கிறேன், மச்சான். உன் படிப்பு எனக்கில்லை, உன் பொறுமை அறவே இல்லை. நீ போன பிறகு உன்னிடமிருந்து என் கையில் மிஞ்சியிருப்பது இந்த அருவருப்பு ஒன்றுதான். அதை ஆறவிடாமல் வைத்துக் கேட்கிறேன்.